அரைப்பேர்

வாரத்துக்கு ஒரு தடவையாவது எனக்கு அந்த மின்னஞ்சல் வந்துவிடும். உங்கள் கட்டுரையை இன்னோர் ஆய்வில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், வாழ்த்துகள் என்று. வேண்டாமென்றால் ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்திவிடலாம். நான் நிறுத்தவில்லை. வயிறெரிய வயிறெரிய ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கிறேன். துருக்கியில் யாரோ, பிரேசிலில் யாரோ, கொரியாவில் யாரோ. எங்கள் தோட்டத்துக் குளவியால் உலகத்தில் யார் யாருக்கோ உபகாரம் நடக்கிறது. எங்கள் தோட்டத்துக்குத்தான் ஒரு மண்ணும் நடக்கவில்லை.

நான் டொக்டர். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில், அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிறந்தது மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். அக்கா அதே தோட்டத்தில் வாக்கப்பட்டு அதே தோட்டத்தில் கொழுந்தெடுத்தாள்.

புல் வெட்டுவதை நிர்வாகம் கைவிட்ட பிறகு எங்கள் மலைகள் பாதி காடாகிவிட்டன. மரத்துக்கு மரம் குளவிக்கூடு. ஒரு கழுகு வந்து மோதினாலோ காற்றுக்குக் கிளை முறிந்தாலோ போதும், கீழே குனிந்து கொழுந்தெடுக்கிற பெண்கள் மேல்தான் அத்தனையும் இறங்கும். முதுகில் கொழுந்து, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, காலடியில் வழுக்கல். எங்கே ஓடுவது? கொட்டு வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வீங்கி, வலியில் கிடந்து, வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். சிலருக்கு மட்டும் உடம்பு அந்த விஷத்தைத் தாங்காது. தொண்டை அடைக்கும், இரத்த அழுத்தம் விழும், பேசிக்கொண்டிருந்த ஆள் அப்படியே சரிந்துவிடுவார். அவர்களுக்கு வேண்டியது அட்ரினலின். தொடையில் ஓர் ஊசி. ஆனால் அதை உடனே போட வேண்டும்.

இந்த ‘உடனே’தான் எங்களிடம் கிடையாது. மலையிலிருந்து ஆளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கி, கொழுந்து லொறி வரும்வரை காத்திருந்து, அந்தப் பள்ளமும் மேடுமான ரோட்டில் ஆஸ்பத்திரி வந்து சேருவதற்குள் பலருக்கு எல்லாம் முடிந்துவிடும். தோட்டத்திலேயே ஒரு டிஸ்பென்சரி இருக்கிறது. அதில் மருத்துவ உதவியாளர் ஒருவர் இருக்கிறார், நாங்கள் டாக்டர் ஐயா என்று கூப்பிடுவோம். அவருடைய அலுமாரியில் காய்ச்சலுக்கும் அரிப்புக்கும் மாத்திரை உண்டு. அட்ரினலின் கிடையாது. ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. அதை அங்கே வைக்க இந்த நாட்டில் ஒருவருக்கும் கை வரவில்லை.

அக்காவுக்கு முதல் தடவை கொட்டினபோது அதிர்ஷ்டம், யாரோ ஒருவருடைய வேன் தோட்டத்துக்கு வந்திருந்தது. என் வார்டுக்கு வரும்போது உதடெல்லாம் தடித்துப் பேச்சு குழறியது. ஊசி போட்டேன், பிழைத்தாள். ஆனால் எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஒரு தடவை இப்படி ஆன உடம்பு அடுத்த தடவை இதைவிட மோசமாகத்தான் நடந்துகொள்ளும். மறுபடி கொட்டினால், பக்கத்தில் அந்த ஊசி இல்லாவிட்டால், அக்கா இருக்க மாட்டாள்.

“அந்த மலைக்குப் போகாத” என்றேன்.

“மலைய நானா பிரிக்கிறேன்? காலையில பெரட்டுல ஆள் பிரிக்கிறப்ப எந்த மலைன்னு சொல்றாங்களோ அங்கதான் போகணும்.”

“ஒரு குப்பியும் ஊசியும் தாறேன், கூடவே வச்சுக்க.”

“வச்சுக்கிட்டு? யாரு குத்துறது, ஒங்க மாமாவா? அவரு கோழி அறுக்கவே கண்ண மூடிக்கிற ஆளு.”

அக்காவிடம் எதைச் சொன்னாலும் இப்படித்தான், கடைசியில் நம்மைச் சிரிக்க வைத்துவிடுவாள். நான் சிரித்துவிட்டு, அந்தக் குப்பியை டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் ஐயா கையில் வாங்கவே இல்லை. மேசையில் வைத்ததை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.

“கோவிச்சுக்காதீங்க டாக்டரம்மா. மேலருந்து கடிதாசி இல்லாம நான் ஊசி போட்டு, ஆளு போயிட்டாங்கன்னா என்னையத்தான் புடிப்பாங்க. கடிதாசி வரட்டும், நானே போடுறேன்.”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. கடிதாசி என்று அவர் சொன்னது சுகாதார அலுவலகத்தின் சுற்றறிக்கையை. நான் அங்கேயும் போனேன். அங்கிருந்த பெரிய அதிகாரி நல்ல மாதிரித்தான் பேசினார், தேநீர் கொடுத்தார். சிங்களத்தில் பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஒரு டொக்டரின் அபிப்பிராயத்தை வைத்துக்கொண்டு சுற்றறிக்கை போட முடியாது, ஆதாரம் வேண்டும், நல்ல மருத்துவ சஞ்சிகையொன்றில் பிரசுரமான ஆய்வு கொண்டுவாருங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

சரி, ஆதாரம்தானே என்று கிளம்பினேன். வார்டு முடிந்ததும் பதிவு அறையில் உட்கார்ந்து பழைய கட்டுகளைக் கிளறினேன். எத்தனை வருஷத்துத் தூசி. யார் எங்கே கொட்டு வாங்கினார், எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தார், எப்போது ஊசி போட்டோம், பிழைத்தாரா. ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து எழுதினேன். எடுத்துப் பார்த்தால் கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்தது. சீக்கிரம் ஊசி கிடைத்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள், பிந்தியவர்கள் பெட்டியில் போனார்கள். கடைசிப் பத்தியாக, தோட்ட டிஸ்பென்சரிகளில் அட்ரினலின் வைக்க வேண்டும், அங்குள்ள உதவியாளர்களுக்கு அதைப் போடப் பழக்க வேண்டும் என்று எழுதினேன். சொல்லப்போனால் அந்தப் பத்திக்காகத்தான் மற்றதெல்லாம்.

ஆனால் எழுதுவது வேறு, பிரசுரிப்பது வேறு என்று எனக்கு அப்போது தெரியாது. கொழும்பில் எனக்குப் படிப்பித்த பேராசிரியரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டிக்காரர், எத்தனையோ கட்டுரை போட்டவர். வாசித்துப் பார்த்துவிட்டு உண்மையிலேயே சந்தோஷப்பட்டார்.

“இது நல்ல டேட்டா. இதை நான் கொண்டுபோறன், நீங்கள் யோசிக்காதேங்கோ” என்றார்.

முதலில் அனுப்பிய சஞ்சிகைக்காரர்கள், இது உள்ளூர் விஷயம், எங்கள் வாசகர்களுக்கு உதவாது என்று திருப்பிவிட்டார்கள். அடுத்ததில் யாரோ ஒரு மதிப்பீட்டாளர், நோயாளிகள் ஏன் உடனே அம்புலன்ஸை அழைக்கவில்லை என்பதை ஆசிரியர்கள் தெளிவுபடுத்தவும் என்று எழுதியிருந்தார். தலையில் அடித்துக்கொண்டேன். இன்னொருவர், கொட்டியது குளவியா தேனீயா, இனம் எது என்று கேட்டிருந்தார். எங்கள் ஆட்களுக்குப் பறந்து வந்து கொட்டுகிற எல்லாமே குளவிதான். அக்காவிடம் போய், உனக்குக் கொட்டினது என்ன நிறம், எவ்வளவு பெரிசு என்று கேட்டேன்.

“ஏண்டி, கொட்ட வர்றப்ப அடையாள அட்டைய காட்டுன்னு கேட்டுட்டா ஓடுனேன்?” என்றாள்.

இப்படியே இழுபட்டுக் கடைசியில் ஒரு பெரிய சஞ்சிகை எடுத்துக்கொண்டது. தாக்கக் காரணி கூடிய சஞ்சிகை என்று பேராசிரியர் தொலைபேசியில் குதூகலித்தார். வெளியாட்களுக்கு இது விளங்காது, ஆகையால் சொல்கிறேன். ஒரு சஞ்சிகையில் வருகிற கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்று கணக்குப் பார்த்து அந்தச் சஞ்சிகைக்கு ஒரு மதிப்பு வைப்பார்கள். அதற்குப் பேர்தான் தாக்கக் காரணி. எழுதுகிறவர்களுக்கும் அதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. பதவி உயர்வு, மாநாட்டு அழைப்பு, எல்லாம் அதை வைத்துத்தான். கட்டுரையால் யாராவது பிழைத்தார்களா என்று பார்க்கிற கணக்கு எதுவும் நான் கேள்விப்பட்டதில்லை.

வெளிவந்த அன்று கட்டுரையைத் திறக்கப் போனேன், திறக்கவில்லை. சந்தா கட்டிய பல்கலைக்கழகங்களில்தான் திறக்குமாம், எங்கள் ஆஸ்பத்திரிக்கு அது எங்கே? நான் எழுதினதை வாசிக்க நான் பேராசிரியரிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பிரதி வந்தது. பேராசிரியர் பேர் முதலில். கணக்குப் போட்டுக் கொடுத்த அவருடைய மாணவர்கள் இரண்டு பேர் அடுத்து. நான்காவதாக நான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனேன். என் பத்தி அங்கே இல்லை.

முதலிலிருந்து வாசித்தேன். எங்கேயும் இல்லை. டிஸ்பென்சரி என்ற சொல்லே கட்டுரையில் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு மதிப்பெண் அட்டவணை இருந்தது. கொட்டு வாங்கி வருகிறவருடைய வயது, நாடித்துடிப்பு, மூச்சு என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை புள்ளி, கூட்டிப் பார்த்தால் இவர் மோசமாவாரா இல்லையா என்று சொல்லிவிடலாம். அட்டவணைக்குப் பேராசிரியரின் பேரையே வைத்திருந்தார்கள்.

உடனே தொலைபேசி எடுத்தேன்.

“சேர், கடைசிப் பத்தி எங்க?”

“அது லோக்கல் விசயம் டொக்டர். அதை வைச்சிருந்தா இந்த ஜேர்னல் எடுத்திராது. ஸ்கோர் எண்டா உலகம் முழுக்கப் பாவிப்பினம், மேற்கோளா சைட் பண்ணுவினம். நீங்கள் எழுதினதை அடுத்த பேப்பரில போடுவம், என்ன?”

“நான் எழுதினதே அதுக்காகத்தான் சேர்.”

“விளங்குது, விளங்குது. ஆனா இப்பிடித்தான் முன்னுக்கு வரலாம்.”

அவருக்கு உண்மையிலேயே விளங்கியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என்னைக் கேட்காமல் வெட்டினோம் என்ற கூச்சம்கூட அந்தக் குரலில் இல்லை. எனக்கு ஒரு நல்ல காரியம் செய்து கொடுத்த மாதிரித்தான் பேசினார்.

அந்த வாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். கட்டுரை வந்துவிட்டது என்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி, “பேரு விழுந்துச்சா?” என்பதுதான்.

தோட்டத்தில் பேர் என்றால் நம்மை அழைக்கிற பேர் மட்டுமல்ல, ஒரு நாள் வேலைக்கும் அதுதான் சொல். சொன்ன கிலோ கொழுந்து நிறுத்துக் கொடுத்தால் அன்றைக்கு ஒரு பேர் விழும். கொழுந்து குறைந்தாலோ பாதியில் மலையை விட்டு இறங்கினாலோ அரைப்பேர். காலையிலிருந்து மழையில் நனைந்து வேலை செய்துவிட்டு அரைப்பேரோடு வீட்டுக்கு வருவதைப் போல வேறு அவமானம் எங்கள் பெண்களுக்குக் கிடையாது.

“விழுந்துச்சு. நாலாவதா” என்றேன்.

“நாலாவதுன்னா?”

மற்றவர்கள் இந்தக் கட்டுரையைப் பற்றி எழுதும்போது முதல் பேரை மட்டும் எழுதி, ‘மற்றும் பிறர்’ என்று போட்டுவிடுவார்கள், நான் அந்தப் பிறரில் ஒருத்தி என்று விளங்கப்படுத்தினேன். அக்கா மாவைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அப்ப கொழுந்து எடுத்தது நீயி, பேரு அவருக்கா? டாக்டருக்குப் படிச்சும் ஒனக்கு அரைப்பேருதானா? போயி பேரு போடுற கண்டாக்கையாகிட்ட சண்ட புடி.”

அப்போது இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பத்தி வெட்டுப்பட்டதை நான் அவளிடம் சொல்லவில்லை. அதிகாரியிடம் போனால் எப்படியும் காரியம் ஆகிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் இருந்தது.

நான் அச்செடுத்துக் கொடுத்த பிரதியை அதிகாரி என் முன்னாலேயே பக்கம் பக்கமாகப் பார்த்தார். சஞ்சிகையின் பேரைப் பார்த்து எழுந்து நின்று கை குலுக்கினார். பிறகு உட்கார்ந்து, மறுபடி ஒரு தடவை புரட்டினார்.

“இதில் தோட்ட டிஸ்பென்சரிகளைப் பற்றி எங்கே இருக்கிறது?”

“அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள் சேர். ஆனால் அட்டவணை மூன்றைப் பாருங்கள், பிந்தி வந்தவர்கள்...”

“பிந்தி வந்தவர்கள் இறந்தார்கள் என்றிருக்கிறது. டிஸ்பென்சரியில் ஊசி போட்டால் பிழைப்பார்கள் என்று இல்லையே. நான் எதை மேற்கோள் காட்டி மேலே எழுதுவது?”

மேற்கோள் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அன்றிலிருந்து பற்றிக்கொண்டு வரும். சஞ்சிகைக்கு நானே ஒரு சின்னக் கடிதம் எழுதி, விடுபட்டதைச் சேர்க்கச் சொன்னேன். வாசகர்களின் ஆர்வத்துக்கு உட்பட்டதல்ல என்று மரியாதையாகப் பதில் வந்தது. அடுத்த கட்டுரை என்றார் பேராசிரியர், அடுத்த கட்டுரை வரவில்லை. அவருக்கு வெளிநாட்டு மாநாடுகள் வந்தன. எங்கள் வார்டுச் சுவரில்கூட அந்த மதிப்பெண் அட்டவணையை ஒட்டச் சொல்லி மேலிடத்திலிருந்து அனுப்பினார்கள். பாருங்கள், அதற்குச் சுற்றறிக்கை வந்தது. பளபளப்பான தாளில், நாலு பக்கமும் பார்டர் போட்டு.

அக்காவுக்கு மறுபடி கொட்டியது ஒரு காலை நேரத்தில். முதல் நிறுவைக்குக் கொழுந்தைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் கூடு கலைந்ததாம். நான் வார்டில் இருந்தேன். தோட்டத்திலிருந்து மாமாவின் அழைப்பு வந்தது.

“பாப்பா, அக்காவ கொட்டிருச்சும்மா. டிஸ்பென்சரிலதான் இருக்கோம். லொறி வருதுன்னாங்க.”

“டாக்டர் ஐயாகிட்ட போனைக் குடுங்க மாமா.”

டாக்டர் ஐயா மாத்திரை கொடுத்திருப்பதாகச் சொன்னார். மூச்சு இழுக்கிறது, கை குளிர்ந்திருக்கிறது என்றும் சொன்னார். அவரிடம் நான் என்ன கேட்பது? அவருடைய அலுமாரியில் இல்லாத ஒன்றை எடுத்துப் போடுங்கள் என்றா? அம்புலன்ஸ் வேறொரு கேஸுக்குப் போயிருந்தது. நான் ஊசியை ஏற்றி ட்ரேயில் வைத்துவிட்டு வாசலில் நின்றேன். வேறு எதுவும் செய்ய முடியாமல், டொக்டர் என்று கழுத்தில் குழாயை மாட்டிக்கொண்டு, கொழுந்து லொறி வரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

லொறியில் கொழுந்து மூட்டைகளுக்கு நடுவில் கிடத்தியிருந்தார்கள். இறக்கும்போது நாடி விரலுக்கு அகப்படவில்லை. ஊசி போட்டேன், மறுபடி போட்டேன், நெஞ்சை அமுக்கினேன். புதிதாக வந்திருந்த தாதி, பழக்கிவிட்டபடி சுவரைப் பார்த்துப் புள்ளிகளைக் கூட்டி, “ஸ்கோர் ஆகக் கூட, டொக்டர்” என்றாள். ஆள் பிழைப்பது கஷ்டம் என்று அர்த்தம். அட்டவணை மிகச் சரியாகத்தான் சொன்னது. பேராசிரியர் கெட்டிக்காரர் என்று முதலிலேயே சொன்னேனே.

அக்கா என் கைக்குக் கீழேயே போய்விட்டாள். அவளுடைய விரல் நுனிகளில் கொழுந்துக் கறை அப்படியே இருந்தது.

காரியம் முடிந்த அன்று கங்காணி வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று தலையைச் சொறிந்துகொண்டே இருந்தார். மாமா உள்ளே வரச் சொன்னார், வரவில்லை. பிறகு என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

“தப்பா நெனக்காதீங்க டாக்டரம்மா. சம்பளத்துல பாத்து நீங்க கேக்குறதுக்கு முன்னால நானே சொல்லிடுறேன். அன்னைக்கு மொத நெறவ முடியலல்ல, அதனால அக்காவுக்கு அரைப்பேருதான் போட்டிருக்காங்க. நான் கண்டாக்கையாகிட்ட சொல்லிப் பாத்தேன். பாதில மலைய விட்டு எறங்குனா அதுதான் சட்டமாம்.”

பாதியில் இறங்கினாளாம். பேசியிருந்தால் அந்த மனிதரை அடித்திருப்பேன், அவர் மேல் ஒரு குற்றமும் கிடையாது.

பேராசிரியரின் அழைப்பு அதற்குச் சில நாள் கழித்து வந்தது. அக்கா போன செய்தி கேட்டு மனம் வருந்தித்தான் பேசினார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

“இப்ப சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்றன். நீங்கள் அண்டைக்கு எழுதின அந்த டிஸ்பென்சரி விசயத்தை இப்ப ஒரு கேஸ் ரிப்போர்ட்டா எழுதலாம். இப்ப அதுக்கு வலுவான கேஸ் ஒண்டு இருக்குது. முந்தி வந்து பிழைச்சவ, அடுத்த முறை பிந்தி வந்து... ஜேர்னல்காரர் எடுப்பினம். இந்த முறை உங்கட பேர்தான் முதல். முழுக்க உங்கட பேர்.”

முகத்துக்கு நேரே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. ஆனால் டாக்டர் ஐயாவின் அலுமாரி நினைவுக்கு வந்தது. அக்காவோடு மலைக்குப் போன மற்றப் பெண்கள் மறுநாளே அதே மலைக்குத்தான் போனார்கள். அந்த அதிகாரிக்கு மேற்கோள் காட்ட ஒரு வரி வேண்டும். நாசமாய்ப் போன அந்த ஒரு வரி.

“எழுதுறேன் சேர். ஆனா என் பேரு முதல்ல வேணாம். அக்கா பேரைப் போடுங்க.”

“அதெப்பிடி, பேஷன்டின்ர பேரைப் போடேலாதே. எதிக்ஸ் இருக்குதெல்லே.”

அவர் சொன்னது சரி. நோயாளியின் பேர் வெளியே வரக் கூடாது என்பது விதி, நானும் அதை வார்டுத் தாதிகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள்தான்.

எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரியில் ஆசிரியர் பேர் என்ற இடத்தில் என் பேர் இருக்கிறது, முழுசாக. கீழே, நோயாளி என்ற இடத்தில், பெண், தேயிலைத் தோட்டத் தொழிலாளி என்று எழுதியிருக்கிறேன். அவளுக்கு இதில் அரைப்பேர்கூட இல்லை.